யாருடைய உதவியும் பெறவில்லை

கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவனுக்கு அவன் அம்மா ஆசை ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். கணினித் துறைப் பிள்ளைகளுக்கு அவன் 'ஆல்ட்ரேஷன்'. முகத்துக்கு நேரே ஆல்ட்ரேஷன் அண்ணே, முதுகுக்குப் பின்னால் வெறும் ஆல்ட்ரேஷன். தையற்கடையில் பழைய பேண்ட்டைக் கொடுத்து இடுப்பைப் பிடிக்கச் சொல்கிறோம் அல்லவா, அந்த வேலையைத்தான் அவன் நிரல்களுக்குச் செய்துகொண்டிருந்தான்.

வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று கணினி நிரல் எழுதும். அதை இன்னொரு பிள்ளை கெஞ்சியோ மிரட்டியோ வாங்கி வரும். அப்படியே சமர்ப்பித்தால் மாட்டிக்கொள்ளும். எனவே பார்வைக்கு அது வேறு நிரலாகத் தெரிய வேண்டும், ஓட்டினால் மட்டும் அதே விடை வர வேண்டும். இந்த மாயத்தை ஆல்ட்ரேஷன் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துக் கொடுப்பான். கடைப் பலகையில் 'இங்கு நகல் எடுக்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைவிட நேர்மையான விளம்பரத்தை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

அவனும் அதே கல்லூரியில் படித்தவன்தான். படித்தவன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இரண்டாம் வருடத்தில் ஒரு நண்பனின் நிரலைக் காப்பியடித்தான். அடித்ததில் அப்படியொரு விசுவாசம்! நண்பனின் பதிவு எண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. நடுவில் அந்த நண்பன் தனக்குத்தானே எழுதி வைத்திருந்த 'இந்த இடம் எனக்கே புரியவில்லை' என்ற குறிப்பையும் சேர்த்து அடித்துக் கொடுத்துவிட்டான். துறைத்தலைவர் அம்மாள் அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினார். "புரியலைங்கிறது ஒண்ணுதாம்ப்பா இதுல உன் சொந்தச் சரக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. அந்தப் பாடத்தில் அவன் கடைசிவரை தேறவில்லை. பட்டமும் வரவில்லை. வாசலைத் தாண்டி எதிர்ப்பக்கம் வந்து ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடத் தொடங்கியவன், அங்கேயே தங்கிவிட்டான்.

கண்ணால் பார்த்துப் பிடித்தது போதாதென்று கல்லூரியில் பிறகு ஒரு மென்பொருள் வைத்தார்கள். பிள்ளைகள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார்கள். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் குற்றம் கண்டுபிடிக்குமாம். பெயர் வைப்பதில் இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற திறமையில் கால்வாசியைப் படிப்பில் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாமியார் வேலை செய்கிற விதம் இதுதான். முதலில், மனிதர் படிப்பதற்காக எழுதி வைத்திருக்கும் குறிப்பு வரிகளையெல்லாம் கூட்டித் தள்ளிவிடும். கணினிக்கு அவை தேவையில்லை, மாமியாருக்கும் தேவையில்லை. பிறகு, நீங்கள் வைத்திருக்கும் பெயர்களை மறந்துவிடும். நீங்கள் 'மாடி' என்று எழுதினாலும் சரி, 'மண்ணாங்கட்டி' என்று எழுதினாலும் சரி, அதற்கு இரண்டும் 'ஏதோ ஒரு பெயர்'. இப்படித் தோலை உரித்து எலும்பை எடுத்துக்கொண்டு, அந்த எலும்பைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, துண்டுக்கு ஒரு எண் கொடுத்து, யாருடைய எண்கள் யாருடையவற்றோடு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும். பெயரை மாற்றிவிட்டுத் தப்பித்த காலம் அதோடு போயிற்று.

வேறொருவனாக இருந்தால் தொழிலை விட்டிருப்பான். ஆல்ட்ரேஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எலும்பைத்தானே பார்க்கிறாய், எலும்பையே மாற்றுகிறேன் பார் என்று உட்கார்ந்தான். எலும்பை மாற்ற வேண்டுமென்றால் நிரல் என்ன செய்கிறதென்று வரிவரியாகப் புரிய வேண்டும். புரிந்துகொண்டான். படிக்கிற காலத்தில் தொட்டுப் பார்க்காத புத்தகங்களை, பைண்டிங்குக்கு வந்தவற்றை, கடையில் உட்கார்ந்து படித்தான். பிரித்தான், சேர்த்தான், தலைகீழாய்த் திருப்பினான். ஒரு பிள்ளை உழைக்காமல் இருப்பதற்காக இவன் நான்கு பிள்ளைகளின் உழைப்பை உழைத்தான். இதற்குப் பெயர்தான் படிப்பு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயந்து விட்டிருப்பான்.

கல்லூரியில் ஒரு விதி உண்டு. நிரலின் முதல் வரியில், யாரிடம் என்ன உதவி பெற்றோம் என்று மாணவர் எழுத வேண்டும். எல்லோரும் எழுதுவது ஒரே வாசகம்தான்: 'யாருடைய உதவியும் பெறவில்லை.' தன்னிடம் வந்த பிள்ளைகளுக்கு அந்த வரியையும் ஆல்ட்ரேஷனே தட்டிக் கொடுத்தான். மாமியார் கூட்டித் தள்ளுகிற குறிப்பு வரிகளில் அதுவும் ஒன்று.

அவனுக்கு ஒரு தங்கை. அதே கல்லூரி, அதே துறை, கடைசி வருடம். அண்ணன் விட்ட இடத்தையெல்லாம் சேர்த்துப் பிடிக்கப் பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். அம்மா சும்மா சொல்ல மாட்டாள், தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள். "அவளைப் பாத்தாவது கத்துக்கடா. இன்னொருத்தர் எழுதினதை ஏறெடுத்துப் பாப்பாளா?" ஆல்ட்ரேஷன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிடுவான். கடையில் அண்ணன் ஜெராக்ஸ் போடுகிறான், கெட்டுப்போன கணினிகளைச் சரி செய்கிறான் என்பதுதான் அம்மாவுக்கும் தங்கைக்கும் தெரிந்த சங்கதி.

வகுப்பு முடிந்ததும் தங்கை கடைக்கு வந்துவிடுவாள். அண்ணன் கடை சாத்தும்வரை பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து படிப்பாள். அவன் திரையில் கிடக்கிற நிரல்கள் கண்ணில் படும்.

"அண்ணா, இதை யாரு எழுதினது? சுத்தமா, அழகா இருக்கே."

"எவனோ ஒரு பையன். பிரிண்ட் போடக் குடுத்துட்டுப் போனான்."

"என்னமா யோசிக்கிறான்! அவன் யாருன்னு சொல்லேன்."

"உனக்கெதுக்கு அதெல்லாம்? படிக்கிற வேலையைப் பாரு."

அன்றைக்கு முழுவதும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏன் என்று அவனே கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பருவத்தில் துறைத்தலைவர் லிஃப்டுக்கு நிரல் எழுதச் சொன்னார். யார் எந்த மாடியில் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதுதான் கணக்கு. தங்கை தானே எழுதினாள். எழுதியதில் ஒரு சின்னச் சங்கதியும் சேர்த்தாள்: யாரும் அழுத்தாமல் இருந்தால் லிஃப்ட் தானாகக் கீழ்த்தளத்துக்கு வந்து நிற்க வேண்டும். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் எப்போதும் உச்சியில் போய் நின்றுகொள்ளும். அம்மா முழங்கால் வலியோடும் காய்கறிப் பையோடும் கீழே நின்று அதை ஏக வசனத்தில் திட்டுவாள். அம்மாவின் வசவுதான் நிரலில் ஏழெட்டு வரியாகியிருந்தது.

அதே லிஃப்டுக்கு ஆல்ட்ரேஷனிடம் இருபத்துச் சொச்சம் பேர் வந்தார்கள். ஒவ்வொன்றையும் பிரித்துத் தைத்தான். ஒவ்வொன்றையும் அது எந்த நிரலிலிருந்து எடுக்கப்பட்டதோ அதோடு ஒப்பிட்டுப் பார்த்தான். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நிம்மதியாகக் கொடுத்தனுப்பினான். தான் தைத்துக் கொடுத்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. காப்பியடிப்பவனுக்கு மூலத்தின் மேல்தான் பயம். தன் மேலேயே பயப்பட அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மாமியார் அந்த வருடம் புதிதாக ஒன்று கற்றிருந்தது. இரண்டிரண்டாக மட்டும் ஒப்பிடாமல், எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிட்டு, ஒத்துப்போகிறவர்களைப் புள்ளிகளாக்கி ஒரே கூட்டமாய்ப் படம் போட்டுக் காட்டும். கூட்டத்தில் எல்லோரோடும் அதிகமாக ஒத்துப்போகிறவரை நடுவில் வைத்து, இங்கிருந்துதான் எல்லாம் பரவியது என்று சிவப்பு வட்டம் போடும்.

அந்தப் படத்தில் இருபத்துச் சொச்சம் புள்ளிகள் தேனடைபோல மொய்த்திருந்தன. நடுவில் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தவள் தங்கை.

அவள் கடைக்கு வந்தபோது முகம் வீங்கியிருந்தது. ஜெராக்ஸுக்கு நின்றவர்களை அவன் அவசரமாக அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"என்கிட்டேர்ந்து எல்லாரும் காப்பியடிச்சாங்களாம்ணா. நான் ஒருத்தருக்கும் ஒரு வரி காட்டினதில்லை. கொடுத்தவங்களுக்கும் முட்டைதானாம். பாடம் போச்சுன்னா வருஷம் போச்சு. வேலைக்கு எடுத்த கம்பெனியில அப்பவே சொல்லிட்டாங்க, ஒரு பாடம் நின்னாலும் வேலை கிடையாதுன்னு. அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

தேம்பிக்கொண்டே அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டினாள். ஆல்ட்ரேஷன் புள்ளிகளின் பெயர்களைப் படித்தான். ஒன்று விடாமல் அவனுடைய வாடிக்கையாளர்கள். தங்கை மட்டும்தான் அந்நியம். பதறியவன், பதற்றத்தில் வழக்கமான புத்திக்கே போனான்.

"அழாதே. உன் ப்ரோக்ராமைக் குடு. நான் கொஞ்சம் மாத்தித் தர்றேன், யாரோடதோடயும் ஒத்துப்போகாது."

தேம்பல் நின்றது.

"என்ன மாத்துவே?"

அவன் வாயை மூடிக்கொண்டான். மூடி என்ன பிரயோசனம்?

"அண்ணா. எதை மாத்துவே? எப்படி மாத்துவே? உனக்கு எப்படித் தெரியும்?" அவள் அவன் திரையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். "பசங்க ஆல்ட்ரேஷன் ஆல்ட்ரேஷன்னு சொல்லுவாங்களே... ஐயோ, அது நீதானா?"

அவன் தலையாட்டினான்.

"அந்த அழகான ப்ரோக்ராம் எல்லாம்?"

அதற்கும் தலையாட்டினான். அந்த நேரத்திலும் 'அழகான' என்ற சொல் அவன் காதில் தனியாக விழுந்தது. வெட்கங்கெட்டவன்!

"சீ" என்றாள் தங்கை. "இத்தனை நாளா உன்னைப் பாத்துத்தான் நான் எழுதக் கத்துக்கிட்டேனா? இனிமே என்கூடப் பேசாதே." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவனுக்குப் பொறுக்கவில்லை. அம்மா திட்டியதுண்டு, துறைத்தலைவர் கேலி செய்ததுண்டு, எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன். அன்றைக்கு அவனால் ஒரு வாய் இறக்க முடியவில்லை.

மறுநாள் கடையில், தான் மாற்றிக் கொடுத்த நிரல்களையெல்லாம் திறந்து முதல் தடவையாக வரிசையாக வைத்துப் பார்த்தான். அட ராமா! மாடிகளை எல்லோரும் கீழிருந்து மேலே எண்ணுவார்கள், இவை எல்லாவற்றிலும் மேலிருந்து கீழே. இல்லாத மாடியை யாராவது அழுத்தினால் அதை முதல் வரியிலேயே வாசலோடு அனுப்பிவிடுவது. ஒவ்வொரு சின்ன வேலைக்கும் தனி அறை. ஒரே கை, ஒரே வெட்டு, ஒரே தையல். வாழ்நாளில் சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை என்று ஊரும் அவனும் நம்பியிருக்க, அவனுக்கென்று ஒரு நடை வந்து உட்கார்ந்திருந்தது. அவன் திரையைப் பார்த்துப் பார்த்து அது தங்கைக்கும் தொற்றியிருந்தது. அவள் நிரலில் கடன் வாங்கிய சரக்கு எதுவும் கலக்காததால் அந்த நடை அதில்தான் சுத்தமாக இருந்தது. மாமியார் அவளை நடுவில் வைத்ததில் மாமியாரைக் குறை சொல்ல முடியாது.

விசாரணை துறைத்தலைவர் அறையில் நடந்தது. அவரோடு இரண்டு பேராசிரியர்கள் தேநீர் குடிப்பதற்கும் தலையசைப்பதற்கும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை ஓரத்தில் நின்றாள். அழைக்காமலே உள்ளே நுழைந்த ஆல்ட்ரேஷன், "மேடம், அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதெல்லாம் நான் எழுதினது" என்றான்.

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீ 'எனக்கே புரியவில்லை' இல்ல?"

"ஆமா மேடம்."

"தங்கச்சிக்காகப் பழியை ஏத்துக்க வந்திருக்கே, நல்ல மனசுதான். ஆனா இது நல்லா எழுதின ப்ரோக்ராம்ப்பா. நீ எழுதினேன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?"

கேளுங்கள் இந்தக் கொடுமையை. செய்யாததைச் செய்யவில்லை என்று சொன்னபோது தங்கையை யாரும் நம்பவில்லை. செய்ததைச் செய்தேன் என்றால் இவனை நம்பவில்லை. "வேணும்னா எழுதிக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டான் ஒரு வேகத்தில்.

ஒரு கணினி முன்னால் அவனை உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களில் அவசரக் கேஸை முதலில் உள்ளே அனுப்பும் நிரல் ஒன்று எழுதச் சொன்னார்கள். திரை வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெள்ளைத் திரையில் அவன் என்றைக்கும் எதையும் தொடங்கியதில்லை. அவனிடம் எப்போதும் யாரோ எழுதிய ஒன்று வந்திருக்கும்.

"மேடம், எதாவது ஒண்ணு குடுங்க. மாத்தி எழுதிக் காட்டுறேன்."

"மாத்துறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. எழுது."

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் சன்னலைப் பார்த்தாள். பேராசிரியர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். இவன் இங்கே தோற்றால் அவள் வேலை போயிற்று, வருடம் போயிற்று. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு ஒரு வழி தோன்றியது. தன்னிடம் வருகிறவர்களிலேயே படுமோசமான ஒரு பையனை மனதில் நினைத்துக்கொண்டான். அவன் எழுதினால் எப்படி எழுதுவானோ அப்படியே, கேவலமாக, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அடித்துத் தள்ளினான். துறைத்தலைவர் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஆல்ட்ரேஷன் கண்டுகொள்ளவில்லை. பிரிக்க ஒரு பழைய துணி கிடைத்துவிட்டது, அது போதும் அவனுக்கு. அவிழ்த்தான், வெட்டினான், திருப்பினான், தைத்தான். அந்த அறையில் இருந்தவர்களை மறந்தே போனான்.

முடித்ததும் அதை மாமியாரிடம் கொடுத்தார்கள். லிஃப்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்? இருந்தும், மேலிருந்து எண்ணுகிற துண்டும், வாசலோடு அனுப்புகிற துண்டும், தனித்தனி அறைத் துண்டுகளும் ஒவ்வொன்றாக வந்து ஒட்டின. படத்தில் தங்கை நடுவிலிருந்து நகர்ந்தாள். சிவப்பு வட்டம் புதிய புள்ளியைச் சுற்றி விழுந்தது.

துறைத்தலைவர் அவன் நிரலை மேலிருந்து கீழாக, அவசரப்படாமல் படித்தார்.

"இதை அப்பவே எழுதியிருந்தா பாஸ் போட்டிருப்பேனேப்பா" என்றார். குரலில் கேலி இல்லை. ஆல்ட்ரேஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவர் தங்கையின் நிரலை எடுத்தார். "யாரும் அழுத்தலேன்னா கீழே வந்து நிக்கணும்னு எழுதியிருக்கியே, இது எதுக்கும்மா?"

"அம்மாவுக்கு முழங்கால் வலி மேடம்" என்றாள் தங்கை. மற்ற வரிகளையும் கேட்கக் கேட்கத் தடுமாறாமல் விளக்கினாள்.

"இந்தத் துண்டு மத்த யார்கிட்டயும் இல்ல" என்று பேராசிரியர்கள் பக்கம் திரும்பினார் துறைத்தலைவர். "இவகிட்டேர்ந்து எடுத்திருந்தா இதுவும் கூடவே போயிருக்கணும். காப்பியடிக்கிறவன் எதையும் விட மாட்டான். இதோ நிக்கிறாரே, இவரைக் கேளுங்க, பதிவு எண்ணைக்கூட விடலை."

"ஆமா மேடம்" என்றான் ஆல்ட்ரேஷன் பணிவாக.

மற்றவர்களுக்கெல்லாம் முட்டை. தங்கையின் நிரல் செல்லும், மதிப்பெண் செல்லும், வேலையும் பிழைத்தது. ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. "முதல் வரியில யாருடைய உதவியும் பெறவில்லைன்னு எழுதியிருக்கே. உன் ப்ரோக்ராம்ல பொய்யான வரி அது ஒண்ணுதான். திருத்தி, பிரிண்ட் எடுத்துட்டு வந்து குடு" என்றார் துறைத்தலைவர்.

"இந்த ஆள் பேரையா எழுதணும்?" என்றாள் தங்கை. "அப்படியே இருக்கட்டும் மேடம், ரெண்டு மார்க் குறைச்சுக்கங்க."

"உன் இஷ்டம்மா. அந்த வரியை மெஷின் படிக்கப்போறதில்ல. முதல்ல தள்ளிவிடுறதே அதைத்தான். நான் ஒருத்திதான் படிப்பேன்."

விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. முட்டை வாங்கிய பிள்ளைகள் கடை வாசலில் வந்து கத்தினார்கள். 'நம்பிக் குடுத்தோமே' என்றுகூட ஒருவன் சொன்னான், கேட்டால் சிரிப்பு வரும். முதலாளி கணினிகளைத் தூக்கி உள்ளே வைத்துப் பூட்டி, பிரிண்ட் போட மட்டும் ஒன்றை விட்டுவைத்தார். "இனிமே நகல்னா நகல் மட்டும்தான். ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றார். அம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தங்கை வீட்டில் அவன் பக்கமே திரும்பவில்லை. சோற்றுக் குண்டானைக்கூட அம்மா வழியாகத்தான் கேட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் பென்டிரைவை மேசையில் வைத்தாள். அவனும் பேசாமல் செருகி, லிஃப்ட் நிரலைத் திறந்து, அச்சுக்கு அனுப்பினான். தாள் சூடாக வெளியே வந்தது. கொடுக்கப் போனவன் முதல் வரியைப் பார்த்து நின்றுவிட்டான்.

'இந்த நிரலின் நடை என் அண்ணனிடமிருந்து கற்றது' என்றிருந்தது. கீழே அம்மா வைத்த பெயர், இனிஷியலோடு.

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, தாளைக் கவிழ்த்து வைத்து, பொத்தானை அழுத்தினான்.

"எனக்கு ஒண்ணு போதும்" என்றாள் தங்கை.

"இது எனக்கு."

"இதையும் காப்பியா? உனக்கு அந்தப் புத்தி போகவே போகாதா?"

போகாது என்று தலையாட்டினான் அவன். மூலத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதில் ஒரு எழுத்துக்கூட மாறியிருக்கவில்லை.